கிள்ளான் வீட்டுப் பின்மேடை

என் மனைவி காய்ச்சலில் இறந்தாள் என்றுதான் பதினொரு வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காரியத்துக்கு வந்த அவளுடைய அண்ணனிடம் அப்படிச் சொன்னேன். கூட வேலை பார்த்தவர்களிடமும் அதையே சொன்னேன். என் மகளிடமும் அதையேதான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அந்த நாளில் கிள்ளானில் காய்ச்சலுக்கு ஒருவரைக் கொடுக்காத வீடு குறைவு. ஆனால் அவள் காய்ச்சலில் போகவில்லை. வீட்டுப் பின்மேடையை நான் பழுது பார்த்தேன். அதனால் போனாள்.

அப்போது நான் கிள்ளான் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் கிராணி. ரப்பர் பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் எண்ணி எழுதுவது வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம். மகளுக்கு நாலு வயது. ஆற்றங்கரையில் ஒரு மலாய்க்கார விதவையின் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். முழுக்க மரவீடு. ஆள் மார்பு உயரத்துக்குத் தூண்கள் மேல் நின்றது. அந்த அம்மாள் அடுத்த வீட்டில் இருந்தார். நாங்கள் அவரை மக்சிக் என்று கூப்பிடுவோம். நம் வழக்கத்தில் அத்தை என்பது போல.

சமையலறைக் கதவைத் திறந்தால் வீட்டின் பின்பக்கம் கூரையில்லாத ஒரு பலகை மேடை. மக்சிக் அதைப் பெலந்தார் என்பார். எங்களுக்கு அது மேடை. தண்ணீர்த் தொட்டி அங்கேதான் இருந்தது. துணி துவைப்பது, காய் நறுக்குவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். அதிலிருந்து ஆறு படி இறங்கினால் தரை. மழைக்காலத்தில் கடல் ஏற்றத்தோடு ஆறும் ஏறி வீட்டுக்கு அடியில் தண்ணீர் வந்து நிற்கும். வடிந்த பிறகு கணுக்கால் அளவுக்குச் சேறு விட்டுப் போகும்.

என் மனைவி தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சிமெண்டுத் தரையில் நடந்து பழகியவள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மேடையில் சுவரை ஒட்டியே நடப்பாள். கால் வைக்கும்போது பலகை கிறீச்சிட்டால் நின்றுவிடுவாள். நான் சிரிப்பேன். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பெருமழைக்கு முன்னால், நாலு வீடு தள்ளி ஒரு மலாய்க்காரர் வீட்டில் கல்யாண விருந்து. சமையலுக்குக் கூடியிருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்மேடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மேடை அப்படியே கீழே இறங்கிவிட்டது. என் மனைவியும் மகளோடு அங்கே போயிருந்தாள். அப்போதுதான் எழுந்து உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். ஒருத்திக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கொதிக்கிற அண்டா எதுவும் மேலே இல்லாததால் அவ்வளவோடு போயிற்று.

அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது மேடைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தாள். தண்ணீரை முன்வாசல் வழியாகச் சுமந்து உள்ளே வைத்திருந்தாள்.

"நம்ம மேடையைப் பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் பாப்பாவை அங்க விடமாட்டேன்," என்றாள்.

"நம்மளது நல்ல மரம். ஒண்ணும் ஆகாது."

"அவங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்."

நான் பிடி கொடுக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின. அவள் சண்டை போடவில்லை. தாழ் மட்டும் போட்டபடியே இருந்தது. ஈரத் துணியை முன்பக்கம் தெரு பார்க்கக் காயப்போட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அங்கேதான் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறு காலையில் சுத்தியலும் ஒரு குத்தூசியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் தச்சன் இல்லை. ஆனால் சரக்கு ஏற்றுகிற எங்கள் மரமேடையை வருடத்துக்கு ஒருமுறை ரயில்வேத் தச்சர்கள் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேலே இருந்து பார்க்க மாட்டார்கள். முதலில் கீழே புகுந்துவிடுவார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். நல்ல மரம் தட்டினால் கணீரென்று சொல்லும். உளுத்த மரம் பொத்தென்று சொல்லும். தூண்கள் செங்கால் என்கிற உள்ளூர் வைர மரம். ஒன்றுகூடப் பழுதில்லை. கரையான் ஏறிய மண் தடம் ஒரே ஒரு தூணில் இருந்தது. சுரண்டிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

மேடை உத்தரம் வீட்டுச் சுவரோடு சேருகிற இடத்துக்குப் போனேன். அதை வெறும் ஆணி வைத்து அடித்திருந்தார்கள். மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி ஆணி துருப்பிடித்துப் பென்சில் முனை போல் மெலிந்திருந்தது. கையால் உத்தரத்தை அசைத்தேன். சுவரைவிட்டு ஒரு விரல் அளவு வெளியே வந்தது. இத்தனை நாள் என் மகள் அதன் மேல்தான் குளித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று மேலே இருந்து குரல் கொடுத்தாள்.

"நீ சொன்னதுதான் சரி," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "டீ போடவா?" என்று கேட்டாள்.

மேலே ஏறிப் பலகைகளைக் குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்தாறு பலகைகளில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. கைப்பிடிக் கட்டையில் சாய்ந்து பார்த்தேன், ஆடியது. படிகளில் மேலிருந்து மூன்றாவது, ஓரத்தில் வெடித்திருந்தது. மக்சிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து உத்தரத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வேண்டிய மரத்தைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். தச்சன் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவானாம். நானே செய்கிறேன் என்றேன்.

அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். உத்தரத்தைச் சுவரோடு தடித்த போல்ட்டுகள் போட்டு முடுக்கினேன். உளுத்த பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றை அடித்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டு விரல் அகலம் இடைவெளி விட்டேன். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டால் மரம் சீக்கிரம் உளுத்துப்போகாது என்று தச்சர்கள் பேசிக்கொண்டது நினைவில் இருந்தது. கைப்பிடிக்குப் புதுக்கட்டை, படிக்குப் புதுப்பலகை. பெயர்த்த பழைய பலகைகளை மேடைக்குக் கீழே போட்டேன். அவற்றில் ஆணிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதையெல்லாம் ஆத்துல விட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? காஞ்சா விறகுக்கு ஆகுமே. கிடக்கட்டும்," என்றாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை ஆணியைப் பிடுங்கி அடுக்கி வைக்கிறேன்."

இந்தப் பேச்சைப் பல வருடம் எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிடக்கட்டும் என்று சொன்னது அவள்தான். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆணியைப் பிடுங்குகிறேன் என்று சொன்னவன் நான். சுத்தியல் என் கையில் இருந்தது. இருட்டவும் இல்லை. வேலை முடிந்த திருப்தியில் கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்துவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

அன்று மாலை அவளே தாழை எடுத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுமேடைக்கு வந்தாள். முதலில் குதிகாலால் தட்டிப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து குதித்தார்கள். என் மனைவி குதித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மக்சிக், "போதும் லா, நாளைக்கே மறுபடியும் கழன்றுவிடப் போகிறது," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குச் சோற்றை மேடையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். அவள் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்த்தபடி இருந்தாள். "உங்களுக்கு இதெல்லாம் வரும்னு எனக்குத் தெரியாது," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் சரக்குக் கொட்டகையில் இரண்டு பேரிடம் போல்ட்டு போட்ட கதையைச் சொன்னேன்.

ஆணி பிடுங்குவதாக நான் சொன்ன நாளுக்கு முன்னாலேயே மழை தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அடியில் தண்ணீர் நின்றது. ஆணி பிடுங்க இறங்க முடியவில்லை. திங்கட்கிழமை தண்ணீர் வடிந்து சேறு நின்றது. பழைய பலகைகள் மிதந்து இடம் மாறிச் சேற்றில் புதைந்துகிடந்தன. எங்கே கிடக்கின்றன என்று மேலே இருந்து தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் மேடையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறாள். கை வழுக்கிச் சீப்பு கீழே விழுந்து, நான் விட்ட இடைவெளி வழியாக இறங்கிவிட்டது. எடுக்கப் படியிறங்கிப் போனாள். செருப்புப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. சீப்பு கிடந்த இடத்துக்கு இரண்டு அடி முன்னால் சேற்றுக்குள் ஒரு பலகை. அதன் ஆணி வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது.

அன்று மாலை நான் வந்தபோது சமையல் முடித்திருந்தாள். சோறு போடும்போது கொஞ்சம் குதிகால் ஊன்றி நடந்தாள்.

"காலுக்கு என்ன?"

"சின்னதா ஆணி குத்திடுச்சு. மஞ்சள் வச்சிட்டேன்."

காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மிளகு அளவு ஒரு புள்ளி. சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு. ரத்தம்கூட இல்லை.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வருவோம்."

"இதுக்கா? தோட்டத்துல இது மாதிரி எத்தனை முள்ளு ஏறியிருக்கு. நீங்க வேலைக்குப் போங்க. ரெண்டு நாள் ஏற்கெனவே லீவு போட்டாச்சு."

நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவள் நொண்டுவது இரண்டு நாளில் நின்றது. கேட்டபோதெல்லாம், "ஆறிடுச்சு," என்றாள். நான் பிறகு கேட்கவும் மறந்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை மதியம் சோறு மெல்ல முடியவில்லை என்றாள். பல்வலியாக இருக்கும் என்று கிராம்பு வைத்துக்கொண்டாள். கழுத்தும் இறுக்கமாக இருக்கிறது, தலையணை சரியில்லை என்றாள். வியாழக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேடையில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். என் மனைவி அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்க்கிறாள். பல்லுக்கு மேல் பல் இறுகி நிற்கிறது. உதடு மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துச் சிரிப்பது போல் இருக்கிறது. அம்மா விளையாடுகிறாள் என்று குழந்தை நினைத்துவிட்டது. தானும் பல்லை இறுக்கிக் காட்டி, "அம்மா, நானும்," என்று சிரித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மகளை மக்சிக் வீட்டில் விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் டாக்டருக்கு உதவியாக இருந்த ஒரு யாழ்ப்பாணத்து டிரெஸர். அவளுடைய வாயைத் திறக்கப் பார்த்தார். உடனே என் பக்கம் திரும்பினார்.

"பத்துப் பதினைஞ்சு நாளுக்குள்ள ஆணி, கம்பி ஏதும் குத்தினதோ?"

"ஆணி. போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"அண்டைக்கே கொண்டு வந்திருக்க வேணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அதற்கு ரணஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ், என்று பெயர் சொன்னார். ஊசி இருக்கிறது, போடுகிறோம், ஆனால் விஷம் உடம்பில் ஏறிய பிறகு அது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்றார். வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்துவிட்டு அதையே வேறு வார்த்தையில் சொன்னார்.

அவளைத் தனி அறையில் படுக்க வைத்தார்கள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடுவதுகூட மெதுவாகத் தொட வேண்டும். ஒரு கிண்ணம் தரையில் விழுந்தால் போதும், அவளுடைய உடம்பு முழுவதும் முறுக்கிக்கொண்டு முதுகு கட்டிலை விட்டு எழும்பிவிடும். நினைவு தப்பாது. அதுதான் அந்த நோயின் கொடுமை. எல்லாம் தெரிந்துகொண்டே கிடப்பாள்.

பகலில் நான் கூட இருக்கலாம் என்று டிரெஸர் அனுமதி வாங்கித் தந்தார். வெறுங்காலோடு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ரயில் பாதை ஆஸ்பத்திரிக்கு எட்டாத தூரத்தில் இல்லை. முதல் நாள் ஒரு வண்டி ஊதிக்கொண்டு போனபோது அவளுக்கு வலிப்பு வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கிள்ளானில் எந்த வண்டி எந்த நிமிடத்தில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். வண்டி வர இரண்டு நிமிடம் இருக்கும்போதே அவளுடைய காதுகளில் பஞ்சு வைத்து, அதன் மேல் என் இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக வைத்து மூடிக்கொள்வேன். வண்டி போன பிறகு எடுப்பேன். பதினொன்று பத்து, பன்னிரண்டு நாற்பது, இரண்டு ஐந்து. இரண்டாம் நாள் முழுக்க ஒரு ஊதலுக்குக்கூட அவள் துடிக்கவில்லை. ஒரு தடவை கையை எடுத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். பல்லிடுக்கு வழியாக, "பாப்பா சாப்பிட்டாளா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். பேசக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தால், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் மதியம் அட்டவணையில் இல்லாத ஒரு சரக்கு வண்டி வந்தது. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தால் அப்படித் தனி வண்டி விடுவது வழக்கம்தான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் வேலையில் இருந்திருந்தால் அந்த வண்டிக்குக் கணக்கெழுதியிருப்பேன். அது ஊதியபோது என் கைகள் என் மடியில் இருந்தன. பாய்ந்து காதை மூடினேன். அதற்குள் அவளுடைய உடம்பு வளைந்துவிட்டது. இந்த முறை மூச்சு திரும்பி வரவில்லை.

"அந்தச் சத்தம் இல்லாட்டியும் இது வந்திருக்கும்," என்று டிரெஸர் பிறகு என்னிடம் சொன்னார். "உங்கட கையில ஒண்டும் இல்லை." நல்ல மனிதர். அவர் சொன்னதை நம்புவதற்கு நான் இன்றுவரை முயற்சி செய்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மேடைக்கு அடியில் இறங்கினேன். சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொரு பலகையாக எடுத்துப் போட்டு ஆணிகளைப் பிடுங்கினேன். மக்சிக் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் சேற்றில் உட்கார்ந்து, நான் பிடுங்கிய ஆணிகளை ஒரு தகர டப்பாவில் போட ஆரம்பித்தார். அவர் அழுதுகொண்டே இருந்தார். ஒரு குடித்தனக்காரிக்காக இவ்வளவு அழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மகளோடு கோலாலம்பூருக்கு வந்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தார்கள். செங்கல் தரை. பக்கத்து வீட்டு அம்மாள் பகலில் மகளைப் பார்த்துக்கொண்டார். மறுகல்யாணப் பேச்சு வந்தது, நான் காது கொடுக்கவில்லை. மகள் வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். எங்கே போனாலும் செருப்புப் போட்டுக்கொள் என்று நான் அவளை நச்சரித்தேன். கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பிரகாரம் சுற்றி வரும்வரை நான் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாமியைப் பார்த்ததாக நினைவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது, பள்ளிக்கூடத்தில் காயங்களைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன காய்ச்சல்? மலேரியாவா, டைபாய்டா?"

எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். மலேரியா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ஆணி, ஞாயிற்றுக்கிழமை, சீப்பு, அந்த வண்டி. அவள் அழவில்லை. கடைசியில், "எல்லார்கிட்டயும் காய்ச்சல்னு சொன்னீங்களே," என்று மட்டும் சொன்னாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். ஐந்தாம் நாள் வந்து, "அந்த வீட்டைப் பாக்கணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கிள்ளானுக்குப் போனோம். எங்கள் வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. மக்சிக் உயிரோடு இருந்தார், பார்வை மங்கியிருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து தடவிக்கொண்டு வந்து மகளின் முகத்தைக் கையால் பிடித்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். என் மகள் மலாய் நன்றாகப் பேசுவாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மக்சிக், எங்க அம்மா அந்த வாரம் எப்படி இருந்தாங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் அவளிடமே சொன்னார். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன் அம்மா ஆணி குத்திய ஐந்தாம் நாள் என்னிடம் வந்தாள். கால் சூடாக இருந்தது. வெற்றிலை வாட்டி ஒத்தடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லாவிட்டால் நான் கிராணியிடம் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாதீர்கள், அவர் எவ்வளவு ஆசையாகச் செய்தார், அந்த ஆணியால் இப்படி என்று தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்றாள். அவர் இருக்கும்போது நொண்டாமல் நடக்கிறேன், போன பிறகு உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். காப்பாற்றியிருக்கக் கூடாது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "கிராணி, பதினொரு வருடமாக உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன். நீ வரவே இல்லை," என்றார்.

ஆறிடுச்சு என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் கண்முன் வந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். ஒரு தடவைகூட நான் அவளுடைய காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். மக்சிக் என் முழங்காலில் கை வைத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மகள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மக்சிக்கை மன்னித்தாளா, என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மக்சிக் கொடுத்த கோப்பையில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தாள். புறப்படும்போது, மலாய்ப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்வது போல, குனிந்து அவருடைய கையை வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டாள்.

"அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?"

உன் குரல் மாதிரிதான் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று இருந்தேன். அதனால் யோசித்துப் பார்த்தேன். என் மனைவி சொன்ன வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருந்தன, எந்த நாளில் எந்த இடத்தில் நின்று சொன்னாள் என்பதும் இருந்தது. குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"மறந்துபோச்சும்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு எழுந்து என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.